மலேசியாவில் சொந்த நிலத்தில் சுத்த இன மாடு, செம்மறி, வெள்ளாடு வளர்க்கலாமா? எதில் ஆரம்பிப்பது?

ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் குடும்ப நிலம் இருக்கிறது, கலப்பு இல்லாத இனமாகவே வளர்க்க ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். தாத்தா தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மாடு கட்டிப் பால் ஊற்றியவர். இப்போது சொந்த நிலத்தில் குடும்பமாக மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றும் வைத்திருக்கிறோம்.

வளர்க்கலாம். ஆனால் சுத்த இனம் வளர்ப்பவர் விற்பது கறி இல்லை, வித்து, அதாவது இனம் பெருக்க வாங்கும் விலங்கு. கறிக்கடைக்காரருக்குத் தராசுதான் கணக்கு, அப்பன் யார் ஆத்தாள் யார் என்று அவர் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்கிறவர் இன்னொரு பண்ணைக்காரர். அவருக்குப் பதில் சொல்ல உங்களிடம் குறிப்பேடு இல்லையென்றால், எவ்வளவு அழகான போயர் (கறிக்கு வளர்க்கும் ஆட்டினம்) கிடாவாக இருந்தாலும் அது வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையும் உள்ள ஒரு ஆடு, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அது சாதாரண பள்ளிக்கூட நோட்டு. காது வில்லை எண், தாய் எண், கிடா எண், சேர்த்த தேதி, குட்டி போட்ட தேதி, ஒற்றையா இரட்டையா, பிறந்த எடை, பால் மறக்கும்போது எடை, குடல்புழு மருந்து கொடுத்த நாள். என் மனைவிதான் எழுதுகிறார். சேர்த்த தேதி இருந்தால் வெள்ளாட்டுக்கு ஏறக்குறைய 150 நாள், மாட்டுக்கு 280 நாளுக்குக் கொஞ்சம் மேலே என்று கணக்கு வைத்துக்கொண்டு, குட்டி போடுகிற வாரத்தில் ராத்திரி எழுந்து பார்க்கலாம். இரண்டு மூன்று ஈற்றுக்கு அப்புறம்தான் இந்த நோட்டின் அருமை தெரியும். எந்தத் தாய் குட்டியை ஒழுங்காக வளர்க்கிறாள், எது பார்க்க லட்சணமாக இருந்தும் பால் இல்லாதது என்று அதுவே சொல்லிவிடும்.

கிடா வாங்கப் போனால் உடம்பைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வாயைத் திறந்து பாருங்கள், கீழ்ப்பல் மேல் ஈறோடு சரியாகப் பொருந்த வேண்டும். போயர் என்றால் வாலைத் தூக்கிப் பாருங்கள், அடியில் தோல் கறுத்திருக்க வேண்டும், முக்கால் பங்காவது நிறம் ஏறியிருந்தால்தான் இன அளவுக்குள் வரும். வெளுத்த தோல் நம் வெயிலுக்குத் தாங்காது. காம்பையும் விடாதீர்கள், கிடாவுக்கும் காம்பு உண்டு. அது மீன்வால் மாதிரி பிளந்திருந்தால் அந்தக் குறை பெண் குட்டிகளுக்குப் போகும், குட்டி வாய் வைத்துக் குடிக்க முடியாமல் தவிக்கும். முடிந்தால் அதன் தாயையும் பாருங்கள். காட்ட மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

அப்புறம் பிரித்து அடைப்பது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆண் குட்டி மூன்று நான்கு மாதத்திலேயே சினைப்படுத்தும் வயதுக்கு வந்துவிடும். சின்னதுதானே என்று தாயோடு விட்டால் தாயும் தங்கையும் அதனிடமே சினையாகி, நோட்டில் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். அதேபோல ஒரே கிடாவை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் தன் மகள்களோடே சேரும். இரண்டு வருஷத்துக்குள் கிடாவை மாற்றுங்கள். நாங்கள் வேறொரு பண்ணைக்காரரோடு கிடாவுக்குக் கிடா மாற்றிக்கொள்கிறோம். விலை பேச வேண்டியதில்லை, இரண்டு வீட்டுக்கும் புது இரத்தம்.

எல்லாமே சுத்தமாக வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் ஊர் ஆட்டில் ஆரம்பிக்கலாம், அது ஒன்றும் மட்டமான வழி இல்லை. கம்பிங் காச்சாங் சின்ன ஆடுதான், ஆனால் இந்த மழைக்கும் புழுக்கத்துக்கும் பழகியது, குட்டி போடுவதில் குறை வைக்காது. அதை நல்ல போயர் கிடாவோடு சேர்த்தால் பாதி இரத்தம், அந்தப் பெண் குட்டியை வேறொரு போயர் கிடாவோடு சேர்த்தால் 75 சதவீதம், அடுத்தது 87.5, அதற்கடுத்தது ஏறக்குறைய 94. ஒவ்வொரு தலைமுறையிலும் தாங்காததைக் கழித்து, தாங்குவதை வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும், காச்சாங் கிடேரிக்கு முதல் ஈற்றிலேயே பெரிய போயர் கிடாவைச் சேர்க்காதீர்கள், குட்டி பெரிதாகி வெளியே வரச் சிரமப்படும்.

செம்மறிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். டார்ப்பர், பார்படோஸ் பிளாக்பெல்லி இரண்டும் இங்கே தாக்குப்பிடிக்கின்றன, கம்பளி வெட்டும் வேலை இல்லை. பிளாக்பெல்லி பால்மரத்துக்கும் செம்பனைக்கும் அடியில் மேய்ந்தே வளரும். இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது, மாட்டுக்கு அருமையான தீவனம், ஆனால் அதில் செம்புச் சத்து அதிகம். செம்மறியின் ஈரல் செம்பை வெளியேற்றாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். பல மாதம் கொழுகொழுவென்று இருந்துவிட்டு ஒரு நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, விழுந்துவிடும். இன்னொன்று சிக்னல் புல். மாடு தின்று கொழுக்கிற அதே புல் செம்மறிக்கு ஈரலைக் கெடுத்து, வெயில் பட்டதும் முகமும் காதும் வீங்க வைக்கும். செம்மறிக்கு நேப்பியரோ கினி புல்லோ வெட்டிப் போடுங்கள்.

ஆட்டுக்கும் செம்மறிக்கும் பொதுவான எதிரி இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. நம் நாட்டில் குளிர்காலமோ வறண்ட காலமோ வந்து அதை அழிப்பதில்லை, வருஷம் முழுக்க ஈரமும் சூடும்தான். கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் கவலை இல்லை, வெளுத்த ரோஜா நிறத்திலிருந்து காகித வெள்ளைக்குப் போயிருந்தால் இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் ரொம்பவே முற்றிவிட்டது. எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றினால் புழுவுக்கு மருந்து பழகிவிடும், வெளுத்ததற்கு மட்டும் ஊற்றுங்கள். எப்போதும் வெளுக்கிற ஆட்டை வித்துக்கு வைக்காதீர்கள். கொட்டகை தரையை விட்டு உயர்ந்து, சட்டத்துக்கு இடையில் புழுக்கை விழுகிற மாதிரி இருக்கட்டும். மேய விட்டால் பனி காய்ந்த பிறகு விடுங்கள், ஒரு துண்டில் மூன்று நான்கு நாள், ஒரு மாதம் போல ஆன பிறகுதான் அதே துண்டுக்குத் திரும்ப வேண்டும்.

மாட்டில் என் விருப்பம் கெடா-கிளந்தான் என்ற உள்ளூர் இனம். உருவம் சின்னது, தீனி சுமாராக இருந்தாலும் சினைப் பிடிக்கும், ஈனும்போது உதவி தேட வேண்டியதில்லை. கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் பிரம்மன் இன மாடும் கெடா-கிளந்தானும் சேர்த்து மார்டி என்ற மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பிராக்மாஸ். பாலுக்கு ஃப்ரீசியனும் சாஹிவாலும் கலந்த மாஃப்ரிவால். சுத்த ஃப்ரீசியன் பக்கம் போகாதீர்கள், மத்தியான வெயிலில் நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கும், பால் குறையும், சினை தங்காது. நம்மவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தோட்டத்து மாட்டின் வம்சம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள், அந்த இரத்தம் போனால் திரும்ப வராது. ஐந்து ஏக்கரில் காளை வளர்த்துத் தீனி போடுவது நஷ்டம், கால்நடை இலாகாவின் செயற்கைக் கருவூட்டலைக் கேட்டுப் பாருங்கள். செம்பனைக்கு அடியில் மேய விடுவதாக இருந்தால் மரம் உயர்ந்திருக்க வேண்டும், இளம் மட்டையை மாடு விட்டுவைக்காது.

விற்பனைக்குக் குறை இல்லை. வித்துக்குத் தேறாத ஆண் குட்டிகள் தீபாவளிக்கும் முனீஸ்வரன் கோயில் படையலுக்கும் போய்விடும். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு வருகிறவர்கள் வயது நிறைந்திருக்கிறதா, கண்ணிலும் காலிலும் காதிலும் ஊனம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதனால் காது கிழியாமல் வில்லையைப் போடுங்கள். வேறு மாநிலத்துக்கு ஏற்றுவதாக இருந்தால் இலாகா அனுமதிச் சீட்டு இல்லாமல் லாரியில் ஏற்றாதீர்கள், கோமாரி பரவுகிற நேரத்தில் இது விளையாட்டு இல்லை.

நீங்கள் இருக்கும் நிலையில் நான் ஆரம்பிப்பதாக இருந்தால், ஒரு நல்ல போயர் கிடாவும் இரண்டாம் ஈற்றுத் தாய் ஆடுகள் சிலதும் வாங்கி, நேப்பியர் நட்டு அது வெட்டுக்கு வந்த பிறகே ஆட்டை இறக்குவேன். மாடு அதற்கடுத்த வருஷம். செம்மறி கடைசியில்.