கட்டட வேலைக்குப் புதிதாக வருபவர்களின் பாதுகாப்பு: பெங்களூரு கேள்வி பதில்

மேஸ்திரி, ஒயிட்ஃபீல்ட்: கிருஷ்ணகிரியிலிருந்து பத்து நாள் வேலைக்கு ஆட்கள் வர்றாங்க. பயிற்சிக்கு நேரம் ஏது சார்?

முதல் நாள் காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஷெட்டில் உட்காரவைத்துப் பேச வேண்டாம். சைட்டைச் சுற்றி நடத்திக் காட்டுங்க: லிஃப்ட் குழி, மெயின் சுவிட்ச், கிரேன் சுற்றும் எல்லை, குழாய், வயர் போக ஸ்லாபில் விட்ட டக்ட் ஓட்டைகள். ஓட்டை மேல் பிளைவுட்டைச் சும்மா போட்டு வைப்பது கொடுமை. சும்மா கிடக்கும் பலகை என்று நினைத்து யாராவது தூக்குவார். அடுத்த அடியே ஓட்டைக்குள். நகராதபடி அடித்து நிறுத்தி, சிவப்பு பெயின்ட்டில் ‘ஓட்டை’ என்று எழுதுங்க. கடைசியில் ‘புரிஞ்சுதா’ என்று கேட்காதீங்க, எல்லாரும் தலையாட்டுவாங்க. அவங்களையே சொல்லிக் காட்டச் சொல்லுங்க.

எலக்ட்ரானிக் சிட்டி: உயரத்தில் சேஃப்டி பெல்ட் மாட்டியிருந்தும் விழுந்த ஆள் தரையில் மோதுவது எப்படிண்ணா?

கொக்கி மாட்டிய இடம் தாழ்வாக இருந்திருக்கும் தம்பி. பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதிலுள்ள அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரிந்து சுமார் 1 மீட்டர் நீளும். கயிறு மாட்டும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். ஆக, கொக்கிக்குக் கீழே 4.3 மீட்டர் வரை கால் போகும். 4 மீட்டர் சாரத்தில் கால் மட்டத்தில் மாட்டினால் பெல்ட் இருந்தும் பயனில்லை. தலைக்கு மேலே, அசையாத இடத்தில் மாட்டணும். தொங்குபவரை உடனே இறக்க ஏணியும் ஆளும் தயாராக இருக்கணும். தொங்கிக்கொண்டே இருந்தால் தொடைப் பட்டை இறுக்கி ரத்த ஓட்டம் தடைபடும்.

ஹெப்பால்: மழை விட்டதும் பேஸ்மென்ட் குழியில் இறங்கலாமா?

பார்க்காமல் இறங்கக் கூடாது. விளிம்பில் வெடிப்பு தெரிந்தால் யாரையும் விடாதீங்க. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கவாட்டில் பலகையும் முட்டும் கொடுக்கணும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டணும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. சரிந்த மண்ணில் சிக்கினால், தலை வெளியே இருந்தாலும் நெஞ்சு அழுந்தி மூச்சு நின்றுவிடும். புதைந்தவரை ஜேசிபி விட்டுத் தோண்டவே கூடாது.

சித்தாள் வேலை செய்பவர்: காங்கிரீட்டில் நின்னு கால் வெந்துபோச்சு.

ஈர சிமெண்ட் தோலை அரிக்கும் கடும் காரம் அக்கா. வலி தாமதமாகத்தான் தெரியும். கம்பூட்டுக்குள் கலவை இறங்கினால் உடனே கழற்றி, 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்க. கொப்புளம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

டைல்ஸ் வேலை, மாரத்தஹள்ளி: கட்டரில் தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்காதா?

தூசி நுரையீரலைக் கெடுக்கும், அதனால் தண்ணீர் வேண்டும். கட்டர் தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்ததாக இருக்கணும். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, தினமும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க. டிரிப் ஆகி கரண்ட் நிற்கவில்லை என்றால் அந்த லைனில் வேலையே தொடங்காதீங்க.