கார்ட்டூன் வரைய எந்தப் பேனா வாங்கலாம்? சொந்தப் பாணி எப்படி வரும்?

கேள்வி கேட்டிருப்பவர் கல்லூரி மாணவர். இதுவரை பால்பாயிண்ட் பேனாவில் நண்பர்களின் முகங்களை வரைந்து பழகியிருக்கிறார். இனி எந்தப் பேனா வாங்கலாம், டேப்லெட்டுக்குப் போய்விடலாமா, சொந்தப் பாணி எப்போது வரும் என்கிறார். நான் வடசென்னை ராயபுரத்துக்காரன். இருபது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைகளுக்குக் கருத்துப்படமும் துணுக்குப் படமும் வரைகிறேன்.

கடை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2பி பென்சில், ரவுண்டு பிரஷ் 2ஆம் நம்பரும் 4ஆம் நம்பரும், கேமல் வாட்டர்ப்ரூஃப் கறுப்பு மை, ஐவரி அட்டை. இவ்வளவுதான். பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் தாள், அட்டை எல்லாம் வரிசையாகக் கடைகள். பிரஷ் வாங்கும்போது தண்ணீரில் முக்கி ஓர் உதறு உதறிப் பாருங்கள். முனை ஊசிபோலச் சேர வேண்டும். இரண்டாகப் பிளந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாட்டர்ப்ரூஃப் மையில் பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும். காய விட்டால் பிரஷ்ஷின் அடிமயிரில் கல்லாக இறுகிவிடும், அதனால் எழுந்திருக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். ஃபவுண்டன் பேனாவில் இந்த மையை ஊற்றவே கூடாது என்பதற்கும் அதுதான் காரணம்.

தொட்டு எழுதும் நிப் வேண்டுமென்றால் அதையும் வாங்கலாம். புது நிப்பில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். கழுவாமல் தொட்டால் மை ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். எங்கள் பக்கம் கடல்காற்றில் உப்பு அதிகம், நிப் சீக்கிரம் கெட்டுவிடும். தகர டப்பாவில் ஒரு சாக்பீஸ் துண்டோடு போட்டு வைக்கிறேன், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

ஆனால் என் கை பிரஷ்ஷுக்குத்தான் போகும். பள்ளி முடித்த கையோடு தண்டையார்பேட்டையில் சுவர் விளம்பரம் எழுதும் ஓர் அண்ணனிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். வெள்ளையடித்த சுவரில் நீலப்பொடி தடவிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அதன்மேல் பட்டை பிரஷ்ஷை வைத்து ஒரு ஆளுயர 'கு'வை ஒரே மூச்சில் இறக்குவார். நான் மணிக்கட்டை ஆட்டி ஆட்டி எழுதுவதைப் பார்த்து, "கையால போடாதடா, தோள்லேர்ந்து இழு" என்பார். இன்றைக்கும் அட்டையில் நான்கு அங்குலக் கோடு இழுக்கும்போது என் தோள் அசைகிறது. அந்த அண்ணனுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். சுவர் வேலையை விட்டுப் படம் வரைய வந்தபோது ஆசைப்பட்டு மைக்ரான் என்ற மெல்லிய முனைப் பேனாக்கள் வாங்கினேன். நல்ல பேனாதான். மை நீரில் கரையாது, கோடு சுத்தமாக விழும். ஆனால் எப்படி அழுத்தினாலும் ஒரே தடிமன். அந்தப் பேனாவோடு விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவேன். ஏலம் முடிந்து கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஓர் அக்காவை வரைந்தேன். கூடை நிறையச் சங்கரா மீன், ஒவ்வொன்றுக்கும் செதில் போட்டிருந்தேன். மறுநாள் அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூஞ்செல்லாம் நல்லாத்தான் கீது தம்பி. ஆனா காலிக் கூடைய தூக்கினு போறா மாரி கீதே."

அவர் சொன்னது சரி. மீனை எல்லாம் வரைந்திருந்தேன், மீனின் எடையை வரையவில்லை.

அந்த வாரம் முழுக்க வேறு எதையும் பார்க்காமல் கழுத்துகளையே பார்த்தேன். தலையில் பாரம் இருப்பவர் முகவாயை உள்ளே இழுத்துக்கொள்கிறார். கழுத்து குட்டையாகிறது, முதுகு நிமிர்கிறது. ஒரு கை கூடையைப் பிடித்தால் இன்னொரு கை உடம்பை விட்டு விலகிக் காற்றில் நிற்கிறது. இடுப்பு, பாரம் தாங்கும் காலின் பக்கம் தள்ளுகிறது. கழுத்துக் குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அந்தக் காலின் பாதத்தில்தான் வந்து விழும். மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி, மிதிப்பவர் வேறு மாதிரி. ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து, மொத்த உடம்பையும் ஒரே பெடலில் இறக்குவார்.

அதே அக்காவை மறுபடி பிரஷ்ஷில் வரைந்தேன். கூடையின் மேல் விளிம்பு மெல்லிய கோடு, அடிப்பக்கம் தடித்த கோடு. கழுத்துக்கு இரண்டே இழுப்பு, இரண்டும் தடிப்பு. பாரம் தாங்கும் கால் தடிப்பு, மற்றது மெலிசு. குதிகால் தரையைத் தொடும் இடத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு. இந்த முறை மீனுக்குச் செதில் போடவில்லை. காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லாமல் தன் மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து என் படங்களில் கோட்டின் தடிமன் என்றால் எடை. முதலமைச்சரை வரைந்தாலும் பெட்டிக்கடைக்காரரை வரைந்தாலும், இவர் எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். வரியா, கடனா, தூக்கமின்மையா?

கட்டம் கட்டமாகக் குறுக்குக் கோடு போட்டு நிழல் காட்டும் முறை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது அச்சுத் தேவையால் வளர்ந்த பழக்கம். துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்து, படத்தை அச்சடிக்க லைன் பிளாக் என்ற அச்சுக்கட்டை எடுத்த காலத்தில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் கிடையாது. நெருக்கமான கோடுகளால்தான் சாம்பலைத் தோன்றச் செய்ய முடியும். ஆனால் பத்திரிகைத் தாளில் மை பரவும். ஒருமுறை ஒரு வார இதழ் என் படத்தைச் சொல்லாமல் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் போட்டது. கன்னத்தில் நான் இழைத்திருந்த கோடுகள் எல்லாம் சேர்ந்து கரி பூசியதுபோல் ஆகிவிட்டன. ரொம்ப வருத்தப்பட்டேன். அதற்குப் பிறகு அச்சாகும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைகிறேன், கோடுகளுக்கு நடுவே இடம் விடுகிறேன். இன்று உங்கள் படத்தைப் பலரும் பார்க்கப்போவது உள்ளங்கை அகலக் கைபேசித் திரையில், அதனால் இந்தக் கட்டுப்பாடு இப்போதும் பொருந்தும்.

இன்னொன்று, வசனம் எழுதும் பலூன். தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்துகளும் அகலம். 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு' என்று ஒரு சொல் வந்தால் பலூன் பாதிப் படத்தைத் தின்றுவிடும். அதனால் வசனத்தை முதலில் எழுதி இடம் ஒதுக்குங்கள், ஆட்களைப் பிறகு நிறுத்துங்கள். முதலில் பேசுபவர் இடப்பக்கம்.

டேப்லெட் கூடாது என்று சொல்லமாட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வசனத்தை மாற்றச் சொன்னால் அதில்தான் முடியும். டேப்லெட்டுக்கான நல்ல பேனாக்கள் 8192 படிநிலைகளில் அழுத்தத்தை உணர்கின்றன. ஆனால் அழித்து அழித்துப் போட வசதி இருப்பதால் கோட்டில் தயக்கம் வந்துவிடுகிறது. ஒரு வருடமாவது மையில் பழகிவிட்டுப் போங்கள். நான் தாளில் மை போட்டு, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வண்ணத்தை மட்டும் கணினியில் தருகிறேன்.

பாணிக்கு வருவோம். மாலி, கோபுலு, ஆர்.கே. லக்ஷ்மண் போன்ற பெரிய கார்ட்டூனிஸ்டுகளின் படங்களைப் பார்த்துப் போட்டுப் பழகுங்கள், தப்பே இல்லை. ஆனால் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்றும் பாருங்கள். லக்ஷ்மண் சிறுவயதிலிருந்து கடைசிவரை காக்கைகளை வரைந்துகொண்டே இருந்தார். கோபுலுவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். பாணி மணிக்கட்டில் இருந்திருந்தால் அந்த வலது கையோடு போயிருக்கும்.

உங்களுக்கு மூக்கு நன்றாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். சரி, அதை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் தோள்களைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் அசையாமல் நிற்கும், வலை பின்னுபவர்கள் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். காசிமேட்டில் வரையப் பழக அதைவிட நல்ல நேரம் கிடையாது. காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் தாளின் வெள்ளை கண்ணைக் கூசும். உட்காரும் முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வரைந்ததை அவர்களிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள்.