கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறதே, வைட்டமின் குறைவா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 29. திருப்பாதிரிப்புலியூரில் வீடு, புதுச்சேரியில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். போன ஐப்பசி மழையில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பொங்கல் கழிந்ததில் இருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, அதுவும் வேரோடு. தலைக்குக் குளித்தால் பாத்ரூம் ஜல்லடையே அடைத்துக்கொள்கிறது. அரிப்பும் பொடுகும் வேறு. தோழி சொன்னாள் என்று 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன், உதிர்வது நிற்கவில்லை. போர் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது, அதனால்தான் என்கிறார் அம்மா. இது வைட்டமின் குறைவா? வழுக்கை விழுந்துவிடுமா? காலையில் சாப்பிட நேரம் இருக்காது, டீ மட்டும்தான். மாதவிடாய் ஏழு நாள் அதிகமாகப் போகும், அது பத்தாம் வகுப்பில் இருந்தே அப்படித்தான்.

— வாசகி, கடலூர்

பதில்: நீங்கள் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதிய விஷயத்துக்கு வருவேன் சகோதரி. என் கணக்கில் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஆனால் முதலில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும்.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். சீப்பில் வந்த முடியில் பத்தை எடுத்து ஒரு கறுப்புத் துணிமேல் போட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் கடுகைவிடச் சிறியதாக வெள்ளைப் பொட்டு ஒன்று தெரியும். அதைத்தான் நீங்கள் வேர் என்று நினைக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த முடியை டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து காட்டி, "வேரோடு பிடுங்கிக்கிட்டு வருது டாக்டர்" என்று கண் கலங்குகிறார்கள். அது வேர் இல்லை. வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடிக்குமிழ். வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடியை அதுதான் முளைக்கவைக்கும். வெள்ளைப் பொட்டு இல்லாமல் இரண்டு நுனியும் மொட்டையாக இருந்தால் அந்த முடி நடுவில் ஒடிந்தது என்று பொருள். அந்தக் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் தலையில் சுமார் 1,00,000 முடிகள் இருக்கின்றன. நூற்றுக்கு 85 முதல் 90 முடி எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருக்கும், அந்த ஓய்வு ஏறத்தாழ மூன்று மாதம். பிறகு உதிர்ந்து புதுமுடிக்கு வழிவிடும். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி இப்படிக் கொட்டும். கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட் என்று உடம்புக்குப் பெரிய அடி விழுந்தால், வளர வேண்டிய முடிகள் ஏராளமாக ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து விழும். இப்போது நீங்களே விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. கொட்டத் தொடங்கியது பொங்கல் முடிந்ததும். டெங்குவுக்கு உடம்பு கொடுத்த விலை அது. மழைக்காலக் காய்ச்சல் ஓய்ந்து மூன்று மாதம் ஆனால் இந்தக் குறையோடு வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வருஷமும் அதிகம். இந்த வகை உதிர்வில் வழுக்கை விழாது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும்.

அடங்க வேண்டும் என்றால், புதுமுடி முளைக்க உள்ளே சரக்கு இருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

முடிவேரில் இருக்கிற செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் சேர்ந்தவை. அதற்கு இரும்புச்சத்து வேண்டும். இரும்பு வைட்டமின் அல்ல, தாதுச்சத்து. ஆனாலும் பெண்களுக்கு முடி கொட்டுகிறது என்றால் எந்த வைட்டமினுக்கும் முன்னால் நான் தேடுவது அதைத்தான். உடம்பில் இரும்பு குறைந்தால் கையிருப்பு முதலில் ரத்தம் ஊறுவதற்குப் போகும். முடி கடைசிப் பந்தி. மாதாமாதம் ஏழு நாள், அதுவும் அதிகமாக, பத்தாம் வகுப்பில் இருந்து போகிறது என்கிறீர்கள். பதினான்கு வருஷக் கசிவு இது. "எப்போதும் இருப்பதுதான்" என்று பெண்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். எப்போதும் இருப்பது என்பதால் அது சரியானது ஆகிவிடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். கர்ப்பப்பையில் கட்டியோ தைராய்டு கோளாறோ இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் இரும்பு மாத்திரை மட்டும் போட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

நீங்கள் தனியாள் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் "ரத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது பர்ஸில் இருக்கும் பணம். வங்கிக் கணக்கில் இருப்பதை, அதாவது உடம்பு சேர்த்துவைத்த இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. அது 30-க்குக் கீழே போனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முடிக்காக 40-க்கு மேலாவது இருக்கட்டும் என்று எங்களில் பலர் பார்ப்போம். காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். உங்களுக்கு டெங்கு போய் மாதங்கள் ஆகிவிட்டதால் இப்போது எடுக்கலாம்.

அந்த ரத்தப் பரிசோதனைக்கு முன்னால், பி வகை வைட்டமின்களில் ஒன்றான பயோட்டினை நிறுத்துங்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். உங்கள் மாத்திரையில் இருப்பது 10,000 மைக்ரோகிராம், அதாவது 300 மடங்குக்கும் மேல். முட்டை, வேர்க்கடலை, பயறு என்று நாம் சாப்பிடுகிற சாதாரணச் சாப்பாட்டிலேயே போதுமான அளவு கிடைத்துவிடுவதால், நிஜமான பயோட்டின் குறைவு அபூர்வம். பச்சை முட்டை வெள்ளைக்கருவை மாதக்கணக்கில் குடிப்பவர்களுக்கு வரலாம், சில பிறவிக் கோளாறுகளில் வரலாம். குறைவே இல்லாதவருக்கு அதைக் கொட்டிக் கொடுப்பதால் முடி வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. போகட்டும், சிறுநீரில் வெளியேறிவிடும் என்றும் விட முடியாது. பல ஆய்வுக்கூடங்களில் ஹார்மோன் அளக்கும் முறையே பயோட்டினை வைத்து நடக்கிறது. ரத்தத்தில் அது மிதந்தால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். குறைந்து, தைராய்டு அதிகமாகச் சுரப்பது போலக் காட்டும். ஃபெரிட்டினும் தப்பாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூட இது ஏமாற்றும் என்று 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவி, தைராய்டு அதிகம் என்ற ரிப்போர்ட்டோடு மாத்திரை தொடங்குகிற நிலையில் வந்தார். கைப்பையில் பயோட்டின் டப்பா இருந்தது. நிறுத்தி ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தோம், தைராய்டு சரியாக இருந்தது. நீங்களும் ஒரு வாரம் இடைவெளி விட்டே ரத்தம் கொடுங்கள்.

"வைட்டமின்தானே, இருந்தால் நல்லதுதானே" என்கிற எண்ணம் ரொம்பத் தப்பு. வைட்டமின் ஏ கூடினால் முடி கொட்டும். செலினியம் கூடினாலும் கொட்டும். 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் லேபிளில் போட்டிருந்ததைவிட 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்கு முடி கொட்டியது. முடிக்கு என்று விற்கிற பல மாத்திரைகளில் இந்த இரண்டும் இருக்கின்றன. இரண்டு மூன்று டப்பாவைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

பி12, வைட்டமின் டி இரண்டையும் பார்த்துவிடலாம். சுத்த சைவமாக இருந்து பால் தயிரும் குறைவாக எடுப்பவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்கள், இவர்களுக்குப் பி12 குறையும். பாதம் மரத்துப்போவது, நாக்கு எரிவது, இளநரை இவையெல்லாம் கூட வரலாம். மீன் சாப்பிடுகிற வீடு என்றால், கடலூர் துறைமுகத்தில் இறங்குகிற மத்தி ஒன்றே பி12-ஐயும் வைட்டமின் டி-யையும் தரும். விலையும் வஞ்சரம் அளவுக்கு இல்லை. கடற்கரை ஊரில் இவ்வளவு வெயிலில் டி எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். காலை எட்டு மணிக்கு பஸ், நாள் முழுக்க ஆபீஸ், இருட்டியபின் வீடு. வெயில் உங்கள்மேல் எங்கே படுகிறது? தோலில் டி உண்டாக்குகிற கதிர் காலை 11-ல் இருந்து பிற்பகல் 2 வரைதான் நன்றாகக் கிடைக்கும். டி 20-க்குக் கீழே இருந்தால் 60,000 யூனிட் பவுடரை வாரம் ஒன்றாக எட்டு வாரம் கொடுப்பது வழக்கம். தினமும் அல்ல, வாரம் ஒன்று. தினமும் சாப்பிட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போய் வாந்தியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொடுகும் அரிப்பும் வேறு வழக்கு. அது பெரும்பாலும் வைட்டமினால் வருவதில்லை. எல்லார் தலையிலும் குடியிருக்கிற மலாசீசியா என்ற ஈஸ்ட், எண்ணெய்ப் பசையைத் தின்று பெருகும்போது வருவது. பி2, பி6, துத்தநாகம் மிகவும் குறைந்தாலும் இதுபோலச் செதில் விழும், ஆனால் அப்போது மூக்கோரத்தில் சிவந்து, கடைவாயும் வெடித்துப் புண்ணாகும். உங்களுக்கு அப்படி இல்லை என்றால் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை தலைத்தோலில் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். நான்கு வாரம் செய்யுங்கள். அதுவரை இரவெல்லாம் எண்ணெய் ஊறவைப்பது வேண்டாம். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. பொடுகுள்ள தலைத்தோலுக்கு அது தீனி. நுனியில் மட்டும் தடவிக்கொள்ளுங்கள்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உப்பும் சுண்ணாம்பும் ஏறிய தண்ணீரில் முடி சொரசொரத்து நடுவில் ஒடியும். நான் முதலில் சொன்ன அந்த மொட்டை நுனி முடி அதுதான். ஆனால் அது வேரைத் தொடாது. கடைசியாக அலச மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டால் போதும்.

இனி செய்ய வேண்டியது. ஒரு வாரம் பயோட்டினை நிறுத்தியபின் முழு ரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச்., பி12, வைட்டமின் டி எடுங்கள். மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, நீங்கள் வேலை செய்கிற புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையிலோ தோல் பிரிவில் காட்டலாம். ஃபெரிட்டின் குறைவு என்று வந்தால் இரும்பு மாத்திரை எழுதித் தருவார்கள். அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும், விலை கொடுத்து வாங்குவதற்கு அது ஒன்றும் சளைத்ததல்ல. வயிற்றைப் பிரட்டினால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம், அப்போதும் நன்றாகவே உடம்பில் சேரும். எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். டீ, காபி, பாலோடு வேண்டவே வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையில் உள்ள இரும்பு மெல்லத்தான் சேரும். காலியான கையிருப்பை அது மட்டும் நிரப்பாது. சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கிற டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். காலை டீயோடு வண்டி ஏறுவதையும் விடுங்கள். இரண்டு அவித்த முட்டையை டப்பாவில் போட்டுக்கொண்டால் தவளக்குப்பம் தாண்டுவதற்குள் சாப்பிட்டுவிடலாம்.

வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனாலோ, காசு அளவுக்கு வட்டமாக வழுவழுவென்று சொட்டை விழுந்தாலோ, தலைத்தோலில் சீழ் வைத்தாலோ மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் நேரே தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அவை வேறு நோய்கள், வைத்தியமும் வேறு.

ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கையிருப்பு நிரம்ப அதற்குமேல் மூன்று மாதமாவது தொடர வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் பின்னல் கனமாவதைத் தேடாதீர்கள். தலையை இழுத்து வாரியபின் கண்ணாடிக்கு அருகில் போய் நெற்றியோரத்தையும் காதோரத்தையும் பாருங்கள். அடங்காமல் நிமிர்ந்து நிற்கிற குட்டைக் குட்டை முடிகள் தெரிந்தால், அவை ஒடிந்தவை அல்ல, புதிதாக முளைத்தவை.