குளிசையும் விசுவாசமும்

அன்புள்ள அண்ணா,

2009இல் தம்பி காணாமலாக்கப்பட்ட பிறகு அம்மாவுக்கு நித்திரை இல்லை. கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள், கொஞ்சம் தேறினா. போன மாதம் சபையில் ஒருவர், "குளிசை போடுவது விசுவாசக் குறைவு, வேதாகம ஆலோசனை போதும், பாப்திஸ்து முன்னோர்கள் வேதத்தை மட்டுமே நம்பினவர்கள்" என்றார். அம்மா குளிசையை நிறுத்திவிட்டா. இது சரியா?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் குளிசைகளைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

பாப்திஸ்து சபைகள் தங்கள் விசுவாசத்தை எழுதிவைத்த 1689ஆம் ஆண்டு லண்டன் விசுவாச அறிக்கையை மனதில் வைத்து அவர் பேசியிருக்கலாம். வேதம் போதும் என்று அதன் முதல் அதிகாரம் சொல்வது உண்மை. எதற்குப் போதும் என்பதையும் அங்கேயே சொல்கிறது: இரட்சிப்புக்கேற்ற அறிவுக்கு, விசுவாசத்துக்கு, கீழ்ப்படிதலுக்கு. மருந்து வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. அதன் 18ஆம் அதிகாரத்தை நம் சபைகளில் உரக்க வாசிக்க வேண்டும். தேவனுக்குப் பயந்தவர்களும் வெளிச்சமில்லாமல் இருட்டில் நடக்க நேரலாம், அப்போதும் விசுவாசத்தின் உயிர் அவர்களில் அற்றுப்போவதில்லை என்கிறது. ஏசாயா 50:10ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஸ்பர்ஜனைவிடப் பெயர்பெற்ற பாப்திஸ்து பிரசங்கி யார்? 1856இல் லண்டனில் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. அந்த அதிர்ச்சி அவரைவிட்டு முழுதாகப் போகவேயில்லை. மனச்சோர்வு வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. ஊழியப் பயிற்சி மாணவர்களுக்கு அதைப் பற்றியே ஒரு விரிவுரை நடத்தினார். உடல் நோயும் காற்றோட்டமில்லாத அறையில் அடைந்துகிடப்பதும் காரணமாகலாம் என்று அதில் சொன்னார். குளிர்காலங்களில் ஓய்வுக்காகத் தெற்குப் பிரான்சுக்குப் போய்வந்தார். இவரை விசுவாசம் குறைந்தவர் என்போமா?

பாப்திஸ்து மிஷனரி வில்லியம் கேரியின் மனைவி டோரதியின் கதை நம் மிஷனரி பிரசங்கங்களில் வருவதேயில்லை. 1794இல் வங்காளத்தில் அவர்களுடைய சிறு மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் டோரதியின் மனநிலை குலைந்தது, 1807இல் இறக்கும்வரை தேறவில்லை. அன்று அவருக்குக் கொடுக்க மருந்து இருக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது.

பாப்திஸ்து இல்லாவிட்டாலும் நம் ஊரோடு சேர்ந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார், மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் மருந்தையும் கொண்டுவந்த ஊர் இது.

வேதாகம ஆலோசனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாயின் வேதனைக்குக் குளிசை மட்டும் போதாது. அவவோடு இருந்து 88ஆம் சங்கீதத்தை வாசிக்க ஆள் வேண்டும். அது விடிவு இல்லாமலே முடியும் ஜெபம், அதைப் பாதியில் நிறுத்தி ஆறுதல் வசனம் தேடத் தேவையில்லை.

போதகரோடு நேரே பேசுங்கள். கிளினிக் நாளில் அம்மாவோடு போக ஒருவரைக் கேளுங்கள். ஞாயிறு ஜெபத்தில் தம்பியின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்களா? இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணா