ஜாதிக்காய்க்கு நிறம் எதற்கு?

அன்புள்ள ஐயா,
பினாங்கு ஜார்ஜ் டவுன் கடையொன்றில் ஜாதிக்காய்ப் படம் வாங்கினேன். எட்சிங் என்கிற அச்சு ஓவியமாம். நிறமே கிடையாது. பிளந்த காய், இரண்டு இலை, ஒன்றில் ஓட்டை. “ஸ்கூல் புத்தகப் படத்துக்கா இவ்வளவு காசு?” என்கிறார் மனைவி. எனக்கோ பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஒரு காயில் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது?
— வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஓட்டையை வீட்டம்மாவிடம் காட்டுங்கள். பாடப்புத்தகம் எல்லா ஜாதிக்காய்க்கும் பொதுவான ஒன்றைத்தான் வரையும். பூச்சி தின்ற இலைக்கு அங்கே இடமில்லை. உங்கள் ஓவியர் வரைந்தது பறித்துவந்த ஒரு கிளையை. வரைய வரைய அது வாடிக்கொண்டிருந்திருக்கும். இலை நுனி தொங்குகிறதா, பாருங்கள்.

அப்புறம் அந்தக் கறுப்பு. செப்புத் தகட்டில் மெழுகு பூசி ஊசியால் கீறுவார்கள். ஊசி மெழுகைத்தான் விலக்கும், செம்பைத் தின்பது அமிலம். மெலிதாக நிற்க வேண்டிய கோடுகளைச் சீக்கிரமே வார்னிஷால் அடைத்துவிட்டு, மற்றவற்றை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். அதிக நேரம் கிடந்த கோடு ஆழமாகும், மை கூடுதலாகப் பிடிக்கும், தாளில் அதிகக் கறுப்பாக விழும். பினாங்கின் பாலிக் புலாவில் காயைப் பிளந்து பார்த்திருப்பீர்களே, கொட்டையைச் சுற்றி ரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி! அந்தச் சிவப்பை ஆழத்தால்தான் சொல்லியாக வேண்டும். பத்திரியே ஒரு கோட்டு வலை என்பதால் ஓவியர் கொடுத்துவைத்தவர். வண்ணம் தீட்டியிருந்தால் கண் சிவப்பிலேயே நின்றிருக்கும். இலை ஓட்டையை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

சரியாக வரைவது வேறு, உயிரோடு வரைவது வேறு. 1650-இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஒரு கூம்புச் சங்கை எட்சிங்காகச் செய்தார். அச்சில் இடம் வலமாகும் என்பதால் கையெழுத்தைத் தகட்டில் திருப்பிப் போட்டவர், சங்கின் சுழியை அப்படியே விட்டுவிட்டார். தாளில் வந்தது எதிர்ச்சுழி, நம் கணக்கில் வலம்புரி! விலங்கியல்காரர் பிழை என்பார். எனக்கு அந்தச் சங்கின் எடை கையில் தெரிகிறது.

மனைவிக்கு இன்னொன்று: தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் தெரியும். தெரியாவிட்டால் அவர் சொன்னது சரியாக இருக்கலாம், கடைக்காரர் உங்களை ஏமாற்றியிருக்கலாம். தெரிந்தால் சட்டம் போடும்போது கண்ணாடி தாளில் ஒட்டாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். பினாங்கு ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.