குன்னூர் பழைய கடைவீதிக்கு முட்டுச்சந்து விகிதம் அதிகமாக வருவது பற்றி

குன்னூரின் தெருக்களை ஓஎஸ்எம்என்எக்ஸில் கணக்கிட்டால் பழைய கடைவீதியில் முட்டுச்சந்து விகிதம் அதிகமாக வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து தெருக்களை இறக்கி அளக்கும் பைத்தான் கருவிதான் ஓஎஸ்எம்என்எக்ஸ்.) அதில் 'டிரைவ்' (கார் போகும் தெரு) என்று கொடுத்துத் தெரு வலையமைப்பை இறக்கியிருக்கிறீர்கள், அதை 'வாக்' (நடக்கும் பாதை) என்று மாற்றுங்கள்.

பழைய கடைவீதியைவிட ஊருக்கு வெளியே வந்த புது மனைப்பிரிவுகள் நன்றாக இணைந்திருப்பதாகக் கணக்கு சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கார் போகும் தெருவை மட்டும் கேட்டால் ஓஎஸ்எம்என்எக்ஸ் படிக்கட்டுகளையும் நடைபாதைகளையும் விட்டுவிடும், நம் மலையூர்களில் மேல் தெருவையும் கீழ்த் தெருவையும் சேர்த்துவைப்பதே அவைதான், அவை போனால் இருக்கிற சந்தெல்லாம் முட்டுச்சந்தாகத்தானே தெரியும்!

இரண்டு விதமாகவும் இறக்கி, ஒரே தெரு மட்டும் வந்து சேரும் முனைகளின், அதாவது முட்டுச்சந்துகளின், விகிதத்தை ஒப்பிடுங்கள். பழைய பகுதியில் அது சட்டென்று குறைந்தால் சந்தேகமே வேண்டாம். குறையாவிட்டால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தப் படிகளை யாரும் வரையாமல் விட்டிருக்கலாம்; நடந்து பார்த்து நீங்களே சேர்த்துவிடுங்கள், அடுத்து வருபவருக்கும் உதவும்.

ஒன்று கவனம். தனியார் பாதை என்று குறிக்கப்படாத தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளும் 'வாக்'கில் வந்துவிடும், அதனால் இறக்கும் பகுதியின் எல்லையை ஊருக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், தெரு நீளத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்து வரும் எண்ணை மட்டும் வைத்து நகரம் சிதறிப் பரவுகிறது என்று இங்கே எழுதிவிடாதீர்கள், கொண்டை ஊசி வளைவுகளே அதை ஏற்றிவிடும்.