ஜி.பி. சர்ஜரிக்கு 'ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' வந்தால் மாற வேண்டுமா?

அம்மாவின் ஜி.பி. சர்ஜரிக்கு (குடும்ப டாக்டர் கிளினிக்), இங்கிலாந்தில் மருத்துவ சேவைகளின் தரத்தைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி.யின் ஆய்வில் 'ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' (முன்னேற்றம் தேவை) என்ற மதிப்பீடு வந்திருக்கிறது, மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மருந்து எடுக்கும் அவரை உடனே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

வாசலில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு வரியை விடுங்கள், சி.க்யூ.சி. தளத்தில் முழு அறிக்கையைத் திறந்து, முதலில் ஆய்வு நடந்த தேதியைப் பாருங்கள். பழசாக இருக்கலாம். அப்புறம் எதில் மதிப்பீட்டைக் குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். போன் எடுப்பதில்லை, அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்லை என்றால் எரிச்சல்தான், ஆனால் இங்கிலாந்து முழுக்க இதே புலம்பல்தானே! பாதுகாப்பில் குறைத்திருந்தால் காரணத்தை வரிவரியாகப் படியுங்கள். தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா என்று சில நாள் குறிக்காமல் விட்டது ஒரு ரகம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமலே மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு மறுபடி மறுபடி மருந்துச்சீட்டு கொடுத்தது வேறு ரகம். அந்த மருந்து ஈரலையும் ரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடியது, அதனால் எனக்கு இரண்டாவதுதான் பயம். அம்மாவின் கடைசி டெஸ்ட் மூன்று மாதத்துக்கு முந்தையது என்றால் இன்றே ரிசப்ஷனில் கேளுங்கள். சில இடங்களில் ஆஸ்பத்திரியே இதைக் கவனிக்கும். யார் பொறுப்பு என்று தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாறுவதென்றால் பழைய இடத்தில் அனுமதி கேட்க வேண்டாம், புது இடத்தில் பதிந்தால் போதும். முகவரிச் சான்று இல்லை என்று அவர்கள் மறுக்கக் கூடாது.

புகார் இருந்தால் சர்ஜரி மேனேஜருக்கோ உங்கள் பகுதி ஐ.சி.பி.க்கோ (அந்தப் பகுதியின் என்.எச்.எஸ். சேவைகளுக்குப் பொறுப்பான அமைப்பு) எழுதுங்கள். சி.க்யூ.சி. தனிப்பட்ட புகாரைத் தீர்த்து வைக்காது. ஆனாலும் அவர்களுக்கும் எழுதிப் போடுங்கள், அடுத்த ஆய்வின்போது எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.